பட்டப்பின் படிப்பும் உலக அபிவிருத்திப் பணியும்

அபிவிருத்தி என்னுஞ் சொல் பெருக்கம், மேம்பாடு எனப் பொருள்படுவது. முன்னாளில் விவசாய அபிவிருத்தி, கல்வி அபிவிருத்தி எனத் தனித்தனித் துறைகளைச் சார்ந்தே வழங்கிய அச்சொல், இரண்டாம் உலகப் போர் முடிந்த பின்னர் ஒரு மக்கட் கூட்டத்தின் வாழ்வு முழுவதையும் தழுவி நிற்பதாயிற்று. வறுமை, பிணி, கல்லாமை என்பன நாட்டெல்லைகளைக் கடந்த பொதுத் துன்பங்கள் என்னுங் கருத்து வலுப்பெறவே, அவற்றைக் குறைப்பதைத் தம் வாழ்க்கைத் தொழிலாகக் கொண்ட ஒரு வகுப்பாரும் உலகில் தோன்றினர். அத்தொழிலிற் புக விரும்பும் ஒருவருக்குப் பட்டப்பின் படிப்பு எவ்வாற்றால் உதவும், எவ்விடத்தில் உதவாது நின்றுவிடும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊவாவின் தேயிலை மலைகளுக்கிடையே வெளிவரும் ஒரு கல்லூரி மலரில் இப்பொருளை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்னர், உயர்தர வகுப்பில் வறுமையைப் பற்றிக் கற்பித்துக்கொண்டிருந்தேன். தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2016 இல் நடாத்திய வீட்டு வருமான செலவின ஆய்வின் முடிவுகளைக் கரும்பலகையில் எழுதினேன். வறியோர் வீதம் நகரத்தில் நூற்றுக்கு 1.9, கிராமத்தில் 4.3, தோட்டத்தில் 8.8. பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வரும் மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், எங்க லயத்தையும் எண்ணுனாங்களா?" என்று கேட்டாள். எல்லா வீடுகளையும் எண்ணுவதில்லை, சில வீடுகளைத் தெரிந்தெடுத்து அவற்றைக்கொண்டு முழுமையை மதிப்பிடுவர் என்று, நூலில் உள்ளவாறு மாதிரி எடுப்பு முறையை விளக்கினேன். அவள் விடவில்லை. "அப்ப யாரு ஏழைன்னு யாரு சேர் முடிவு பண்றது?" என்றாள்.

அவ்வினாவுக்கு நிறைவான விடை அன்று என்னிடம் இருக்கவில்லை. ஆசிரியத் தொழிலைப் பார்த்துக்கொண்டே வெளிவாரியாகப் படித்துக் கலைமாணிப் பட்டம் பெற்றவன் நான். விரிவுரைக் குறிப்புகளையும் பழைய வினாத்தாள்களையும் துணையாகக் கொண்டு விடைகளைக் கற்றேன்; அவ்விடைகள் பிறக்கும் களத்திற்குச் சென்று பார்க்கும் வாய்ப்புப் பெற்றிலேன். அம்மாணவி இன்று ஒரு பட்டதாரி. முதுமாணிப் படிப்புக்கு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடங்கிடைத்தால், கொழுந்து பறிக்கும் தன் தாயின் சேமலாப நிதியை நம்பிக் கடன்பட்டேனும் போகலாமா என்று கேட்டு எழுதியிருக்கிறாள். அவளுக்கு மறுமொழி எழுதப் புகுந்த யான், இது அவள் ஒருத்தியின் வினா அன்று, இப்பகுதிப் பட்டதாரிகள் பலரின் வினா என்பதை உணர்ந்து இங்கு விரித்தெழுதலானேன்.

முதற்கண், உலக அபிவிருத்திப் பணி எமக்குத் தூரத்துப் பொருள் அன்று என்பதை நினைவுகூர்தல் நன்று. ஐக்கிய நாடுகள் சபை 1945 இல் அமைந்தது. ஐந்தாண்டுகளுக்குள், 1950 சனவரியில், பொதுநலவாய நாடுகளின் வெளிநாட்டமைச்சர்கள் எமது தலைநகரிற் கூடினர்; அக்கூட்டத்தின் பயனாகப் பிறந்த கொழும்புத் திட்டம் 1951 இல் நடைமுறைக்கு வந்தது. ஊவாவிலும் இப்பணியின் சுவடுகள் பல. 1980 களில் பதுளை மாவட்ட ஒன்றிணைந்த கிராமிய அபிவிருத்தித் திட்டம், விவசாய அபிவிருத்திக்கான சர்வதேச நிதியத்தின் கடனையும் சுவீடனின் உதவியையும் கொண்டு நடைபெற்றது. அதே காலத்திற் சுவீடனின் உதவி தோட்டப் பாடசாலைகளுக்கும் வந்தது. பத்தனையில் உள்ள ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி ஜேர்மனியின் உதவியோடு எழுந்தது. அண்மைக் காலத்தில் இந்தியாவின் உதவியால் தோட்டங்களிலே தனி வீடுகள் கட்டப்பட்டு வருகின்றன.

இத்திட்டங்கள் ஒவ்வொன்றின் பின்னாலும் ஓர் அறிக்கை உண்டு. அவ்வறிக்கையை எழுதுவதற்காக யாரோ ஒருவர் பெரட்டுக்களத்திற்கு வந்து நின்று, ஒரு மொழிபெயர்ப்பாளர் மூலமாக எம் பெற்றோரிடம் வினாக்கள் கேட்டிருப்பர். கேட்கப்பட்டோர் நாம், கேட்டோர் பிறர். 1823 முதல் மலைநாட்டுத் தோட்டங்களில் இரு நூற்றாண்டு வாழ்ந்த ஒரு சமூகம், தன்னைப் பற்றிய அறிக்கைகளிற் பெரும்பாலும் பொருளாகவே இருந்து வந்துள்ளது. எழுதுவோராக இருந்தோர் மிகச் சிலர். பட்டப்பின் படிப்பை யான் பொருட்படுத்துவது இக்காரணம் பற்றியே. வினாவைப் பெறும் இடத்திலிருந்து வினாவை ஆக்கும் இடத்திற்கு ஒருவரைக் கொண்டுசெல்லும் பயிற்சி அது. அப்பயிற்சியின் கூறுகள் மூன்றெனக் கொள்ளலாம்.

முதலாவது, சொற்களின் எல்லையையும் எண்களின் பிறப்பையும் ஆராயும் பயிற்சி. இலங்கையின் புள்ளிவிபரங்கள் நாட்டை நகரம், கிராமம், தோட்டம் என மூன்றாக வகுக்கின்றன. தோட்டம் என்பது யாது? 20 ஏக்கரோ அதற்கு மேலோ பரப்புடையதாய், அங்கேயே குடியிருக்கும் தொழிலாளர் பத்துப்பேரேனும் உள்ளதாய் இருக்கும் பெருந்தோட்டமே திணைக்களத்தின் கணக்கிலே தோட்டமாகும். ஆகவே, 15 ஏக்கர் தேயிலைக் காணியொன்றில் வேலைசெய்து அங்கேயே வாழும் குடும்பம் தோட்டக் கணக்கிற் சேராது. தோட்டத்தை விட்டுப் பதுளை நகரத்துக் கடையொன்றில் வேலைக்குச் சேர்ந்து அங்கே குடியேறிய இளைஞன் நகரத்தான் ஆகிவிடுவான். தோட்ட எல்லைக்குள் வாழும் சிங்களக் குடும்பமோ தோட்டக் கணக்கிற் சேரும். தோட்டம் என்னும் சொல்லை மலையகத் தமிழர் என்னும் சொல்லோடு ஒன்றாக வைத்து எண்ணும் எவரும் இவ்விடத்திற் பிழைபடுவர்.

இன்னும் அணுக்கமான ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவேன். அரைப்பேர் என்னும் சொல்லை எம் மாணவர் குழந்தைப் பருவத்திலிருந்தே அறிவர். நாள் முழுவதும் மலையில் நின்றும், குறித்த நிறைக்குக் கொழுந்து பறிக்க இயலாதுபோன ஒருத்திக்கு அரைப்பேர் போடப்படும். பதிவேட்டிலே அவள் அரைநாள் வேலை செய்தவள். அவள் காலிலும் முதுகிலும் ஏறிய நோவு முழுநாளுக்குரியது. அப்பதிவேட்டை மட்டுங் கொண்டு, இத்தோட்டத்துப் பெண்கள் குறைந்த நாட்களே வேலை செய்கின்றனர் என்று ஓர் ஆய்வாளர் எழுதிவிடக் கூடும். எண் பொய்யன்று, அது எவ்வாறு பிறந்தது என்பதை அறியாமையே பொய்யை விளைவிக்கின்றது.

என் மாணவியின் வினாவுக்கும் விடை இங்கேதான் உளது. 2016 இல் 8.8 ஆக இருந்த தோட்டத்து வறியோர் வீதம், 2019 ஆம் ஆண்டின் ஆய்வில் 33.8 ஆகக் காணப்பட்டது. மூன்றே ஆண்டுகளில் வறியோர் தொகை ஏறத்தாழ நான்கு மடங்காயிற்றா? அன்று. மாறியது அளவுகோல். 2016 இன் கணக்கு, 2002 ஆம் ஆண்டின் நுகர்வை அடிப்படையாகக் கொண்ட பழைய வறுமைக் கோட்டைத் தழுவியது. அதன்படி ஆளொருவருக்கு மாதம் 4,166 ரூபா. 2019 இன் கணக்கு, 2012 - 2013 ஆம் ஆண்டு நுகர்வை அடிப்படையாகக் கொண்ட புதிய கோட்டைத் தழுவியது; அதன்படி 6,966 ரூபா. இரண்டு கோடுகளுக்கும் இடைப்பட்ட நுகர்வுச் செலவில் வாழ்ந்தோர், முன்னர் வறியோர் அல்லர், பின்னர் வறியோர். யான் கரும்பலகையில் எழுதிய 8.8 என்னும் எண்ணின் நிழலில், எண்ணப்படாத வறியோர் பலர் என் வகுப்பிலேயே இருந்திருப்பர். "யாரு முடிவு பண்றது?" என்று கேட்டவள் சரியான இடத்திலேயே கையை வைத்தாள். கோட்டை எங்கே வரைவது, எந்த நுகர்வை அடிப்படையாகக் கொள்வது, எதனை உணவு எனக் கணிப்பது என்பவற்றை மனிதரே முடிவு செய்கின்றனர். அம்முடிவைப் படித்தறியவும், வேண்டுமிடத்து மறுத்துரைக்கவும் வேண்டிய கணிதமும் புள்ளியியலும் முதுமாணி வகுப்பிலே பயிலப்படுகின்றன.

இரண்டாவது, கண்முன் உள்ள துன்பத்தைக் கோட்பாட்டின் துணையால் விளங்கிக்கொள்ளும் பயிற்சி. இதற்குச் சான்றாக ஆதர் லூயிஸ் என்பாரைக் கூறலாம். அவர் 1915 இல், கரும்புத் தோட்டங்கள் மலிந்த மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றான சென் லூசியாவிலே பிறந்தவர். பெற்றோர் இருவரும் ஆசிரியர். இளமையில் எழுதுவினைஞராக வேலை பார்த்து, புலமைப் பரிசில் பெற்று இலண்டன் பொருளியற் கல்லூரிக்குச் சென்று, 1940 இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1979 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. 1954 இல் அவர் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை, அவர் பிறந்த மண்ணிற்கும் எம் மண்ணிற்கும் பொதுவான ஒரு வினாவை எழுப்பியது: தோட்டத்தின் விளைவு பெருகியும் தொழிலாளியின் கூலி பெருகாதது ஏன்?

அவர் கண்ட விடை இது. தோட்டத்துக் கூலியை முடிவு செய்வது தோட்டத்தின் இலாபம் அன்று. அத்தொழிலாளி தோட்டத்திற்கு வாராது தன் ஊரிலேயே இருந்திருப்பின் எவ்வளவு உழைத்து உண்டிருப்பான் என்பதே. ஊரிலே வறுமை மிக்கு, வேலை தேடுவோர் அளவின்றி இருக்கும் வரையில், தோட்டத்திற் கூலி உயர வேண்டிய கட்டாயம் இல்லை. இக்கருத்தை எமது வரலாற்றோடு பொருத்திப் பாருங்கள். நமுனுகுலை மலைச்சாரலிற் கொழுந்து பறித்தவளின் கூலி, கடலுக்கு அப்பால் வானம் பொய்த்த தமிழ்நாட்டுக் கிராமங்களிலே ஓரளவு தீர்மானிக்கப்பட்டது என்பது புலனாகும். துரையின் கடுமையையோ கங்காணியின் பேராசையையோ மட்டும் குறைகூறி நின்றுவிடும் ஒருவருக்கு இவ்வுண்மை தோன்றாது.

ஆயினும், கோட்பாட்டை மனப்பாடஞ் செய்வது பட்டப்பின் படிப்பு ஆகாது. இன்று தோட்டங்களிலே ஆட்பற்றாக்குறை உண்டு; இளைஞர் கொழும்புக்கும் மேற்காசியாவுக்கும் செல்கின்றனர். உழைப்பாளர் அளவின்றி இருந்தபோது பொருந்திய விளக்கம், அவர்கள் குறைந்துவரும் இக்காலத்திற்கும் பொருந்துமா? பொருந்தாதெனின் கூலியைத் தாழ்த்தி வைத்திருக்கும் வேறு காரணங்கள் யாவை? இவ்வாறு பெரியார் ஒருவரின் கருத்தையே சான்றுகளைக் கொண்டு சோதிக்கப் பழகுவதே உயர்கல்வி. கீழ் வகுப்புகளில் நாம் நூலாசிரியனுக்கு அடங்கிப் படிக்கின்றோம். முதுமாணி வகுப்பில் அவனோடு வாதிடக் கற்கின்றோம்.

மூன்றாவது, களத்திலே இருந்து கேட்டறியும் பயிற்சி. இதற்கு எம் நாட்டவரான ஸ்ரான்லி ஜெயராஜா தம்பையா அவர்களின் வாழ்க்கையே சிறந்த சான்று. 1929 இல் யாழ்ப்பாணத்திற் பிறந்த அவர், 1951 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்று, அமெரிக்காவின் கோர்ணல் பல்கலைக்கழகத்தில் 1954 இல் கலாநிதியானார். நாடு திரும்பிய பின்னர், சர்க்கார் என்பாரோடு இணைந்து பாத்ததும்பறைக் கிராமங்களை ஆராய்ந்து, சிதைந்துவரும் கிராமம் என்னும் பொருள்படும் ஆங்கில நூலை 1957 இல் வெளியிட்டார். நிலமின்மை ஒரு கிராமத்தை எவ்வாறு உள்ளிருந்தே உடைக்கின்றது என்பதை, வீடு வீடாகச் சென்று திரட்டிய கணக்கைக் கொண்டு காட்டிய நூல் அது.

1956 இல் அவர் தம் மாணவர்களை அழைத்துக்கொண்டு கல்லோயாக் குடியேற்றத்தை ஆராயச் சென்றிருந்தபோது, அங்கே இனக்கலவரம் மூண்டது. ஆய்வுக் குழுவினர் வெளியேற நேர்ந்தது. நீரும் நிலமும் பகிர்ந்துகொடுத்தால் வளர்ச்சி தானே வரும் என்னும் எண்ணத்திற்கு, அந்நாட்கள் கடுமையான மறுமொழி கூறின. ஓர் அணையின் கொள்ளளவை மட்டுங் கணிக்கத் தெரிந்தவர், அதன் கீழே குடியிருத்தப்படும் மக்களின் அச்சங்களைக் கணிக்க அறியாராயின், அவர் அறிவு பாதியே.

1960 முதல் 1963 வரை தம்பையா அவர்கள் யுனெஸ்கோவின் நிபுணராகத் தாய்லாந்திற் பணியாற்றினார். பாடசாலைக் கல்வியோடு தொடர்புடைய பணியாகவே அது தொடங்கியது. ஆனால் வடகிழக்குத் தாய்லாந்தின் கிராமத்தில் இருந்து பார்த்தபோது, அங்கே எழுத்தறிவின் வேர் பௌத்த விகாரையில் இருப்பதைக் கண்டார். இளமையிலே துறவு பூண்டு, ஏடு படிக்கக் கற்று, பின்னர் இல்லறத்திற்கு மீளும் ஆடவரே கிராமத்தின் படித்தோராய் விளங்கினர். இதனை அவர் 1968 இல் வெளிவந்த ஒரு கட்டுரையில் விரித்துரைத்துள்ளார். வினாத்தாளை நிரப்பிக்கொண்டு அன்று மாலையே திரும்பும் ஓர் அலுவலருக்கு இது தெரிய வந்திராது. பின்னர் கேம்பிரிட்ஜ், சிக்காகோ, ஹாவர்ட் ஆகிய பல்கலைக்கழகங்களிலே கற்பித்து, 2014 இல் மறைந்த அப்பேரறிஞரின் வாழ்விலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம் இது: வேற்று நாட்டு மக்களுக்குத் துணைபுரிய விரும்புவோன், முதலில் அவர்கள் ஏற்கெனவே தமக்காகச் செய்துகொண்டிருப்பது யாதெனக் காண வேண்டும்.

இனிப் பட்டப்பின் படிப்புத் தராதவற்றையும் கூறுதல் நேர்மை. லூயிஸ் அவர்கள் 1957 இல் புதிதாக விடுதலை பெற்ற கானா நாட்டின் பொருளியல் ஆலோசகராகச் சென்றார். அவர் புலமையில் ஐயமுற்றார் எவரும் இலர். எனினும் ஆட்சியாளரோடு கருத்து வேறுபட்டு, 1958 இன் முடிவில் அப்பதவியை விட்டு நீங்கினார். அறிவு ஆலோசனை கூறும். அதனை ஏற்கச் செய்யும் ஆற்றல் அறிவுக்கு எப்போதும் இருப்பதில்லை.

எமது மாவட்டத்திலேயே இதனினுங் கொடிய சான்று உண்டு. 2014 ஒக்ரோபர் 29 ஆம் நாட் காலையில், கொஸ்லந்தைக்கு அண்மையில் உள்ள மீரியபெத்தைத் தோட்டத்தின்மேல் மண்மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் எச்சரித்திருந்தது. மண்ணைச் சோதித்து ஆபத்தை முன்னறிந்து கூறிய விஞ்ஞானம் தவறவில்லை. ஆனால் அறிக்கைக்கும் லயத்திற்கும் இடைப்பட்ட தூரம் கடக்கப்படவில்லை. எச்சரிக்கை எந்த மொழியில், யார் வாயிலாக, யார் காதிற் சேர்ந்தது? எழுந்து போ என்றால் எங்கே போவது? தமக்கென ஒரு துண்டுக் காணியும் இல்லாதார், தோட்டத்து லயத்தை விட்டு நீங்கித் தங்குவதற்கு எந்நிலம் உண்டு? மண்சரிவை நிலவியலாக மட்டும் படித்தோர் இவ்வினாக்களுக்கு விடை கூறார். நிலவுரிமை, மொழி, நிருவாகம் ஆகிய மூன்றையும் சேர்த்துப் படித்தோரும் கூட, அம்மக்களோடு நின்று வற்புறுத்தாவிடின் அவர்தம் ஆய்வேடு நூலகத்திலேயே தங்கிவிடும். இவ்வாறு நின்று வற்புறுத்தும் உறுதியை எந்தப் பல்கலைக்கழகமும் பாடமாகக் கற்பிப்பதில்லை.

இவற்றை மனத்திற் கொண்டு, நடைமுறைக்குரிய சிலவற்றைக் கூறி முடிப்பேன். ஐக்கிய நாடுகள் நிறுவனங்களின் உத்தியோகங்கள் பலவற்றிற்கு முதுமாணிப் பட்டம் கேட்கப்படுகின்றது என்பது மெய். ஆயினும் பட்டத்தோடு களத்திற் பெற்ற அனுபவமும் கேட்கப்படுகின்றது. பல விளம்பரங்களில், முதுமாணிக்கு ஈடாக முதற் பட்டத்தோடு மேலதிக அனுபவ ஆண்டுகளையும் ஏற்றுக்கொள்கின்றனர். அன்றியும் இத்தொழில் நிலையானது என்று எண்ணுதல் கூடாது. 1961 முதல் இயங்கிவந்த அமெரிக்காவின் அபிவிருத்தி நிறுவனமான யூ.எஸ்.எயிட் 2025 இல் மூடப்பட்டது; உலகெங்கும் அதனை நம்பி நடந்த திட்டங்களில் வேலை பார்த்தோர் பலர் வேலை இழந்தனர். கடன்பட்டுப் படித்துவிட்டால் உத்தியோகம் காத்திருக்கும் என்று எவரும் எம் பிள்ளைகளுக்கு உறுதி கூற முடியாது.

ஆகவே என் மாணவிக்கு யான் கூறும் அறிவுரை இது. தாயின் சேமலாப நிதியைத் தொடாதே. அவர் முதுமைக்கு அதுவே ஊன்றுகோல். முழுச் செலவையும் ஏற்கும் புலமைப் பரிசில்கள் உள. பொதுநலவாயப் புலமைப் பரிசில் 1959 இல் ஒக்ஸ்போர்ட் மாநாட்டில் வகுக்கப்பட்டு இன்றளவும் வழங்கப்படுகின்றது. செவனிங், புல்பிறைட், அவுஸ்திரேலிய அரசின் விருது ஆகியனவும் உள்ளன. இவற்றுட் சில, படிப்பு முடிந்ததும் இரண்டாண்டேனும் தாய்நாட்டில் இருக்க வேண்டும் என விதிக்கின்றன. அவ்விதியைத் தடையாகக் கருதாதே. அவை முதல் முறையிற் கிடையாவிடின், பேராதனையிலும் கொழும்பிலும் பட்டப்பின் படிப்புக்கு இடம் உண்டு. அதற்கு முன்னதாக ஈராண்டேனும் ஊவாவின் தோட்டங்களிலும் கிராமங்களிலும் ஏதேனும் ஓர் அமைப்போடு வேலை செய். புள்ளியியலைக் கைவிடாதே. ஆங்கிலத்தை எழுதும் அளவிற்கும், சிங்களத்தை மனம்விட்டுப் பேசும் அளவிற்கும் கற்றுக்கொள். தமிழோடு அவ்விரண்டும் சேர்ந்தால், பதுளை மாவட்டத்திலே மொழிபெயர்ப்பாளர் இன்றி எந்த வீட்டு வாசலிலும் உட்கார்ந்து கேட்க வல்ல ஆய்வாளர் நீ ஆவாய். வெளியிலிருந்து வரும் நிபுணருக்கு எளிதில் வாய்க்காத தகுதி அது.

இவ்வறிவுரையில் ஒரு பகுதி எமக்கும் உரியது. ஆசிரியராகிய நாம் வகுப்பிலே எண்களை எழுதும்போது, அவை எங்கிருந்து வந்தன என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். "யாரு முடிவு பண்றது?" என்று கேட்கும் பிள்ளையை, பாடத்திட்டம் முடியவில்லை என்று சொல்லி உட்காரச் செய்யலாகாது. பழைய மாணவராய் உயர்நிலை எய்தியோர், விண்ணப்பம் எழுதப் பழகாத ஒரு பிள்ளைக்கு அதனைத் திருத்திக் கொடுப்பாராயின், அதுவும் அபிவிருத்திப் பணியே.

அடுத்த முறை ஒரு வண்டி மலையேறி வந்து பெரட்டுக்களத்தில் நின்று, அதிலிருந்து இறங்குபவர் குறிப்புப் புத்தகத்தை விரிக்கும்போது, அவர் எம் கல்லூரியிற் பயின்றவராக இருத்தல் கூடும். அரைப்பேர் என்றால் என்னவென்று அவருக்கு எவரும் விளக்க வேண்டியிராது. அவர் கேட்கும் முதல் வினாவே, இதுவரை கேட்கப்படாத வினாவாக இருக்கும்.